வேகத்தைக் கூட்டச் சொல்லும் நிர்வாகமும் விட்டுப்போகும் சாப்பாட்டு நேரமும்: பார்சல் ஓட்டுநர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

செந்தூல் வேன் ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஒரு பார்சல் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேன் ஓட்டுகிறேன். செந்தூலும் ஜாலான் ஈப்போவும் என் வட்டாரம். ஆள் குறைந்த நாள்களில் மொன்ட் கியாராவையும் என் தலையில் கட்டிவிடுவார்கள். நிர்வாகம் எதிர்பார்க்கும் வேகத்தில் ஓட உடம்பும் இடம் கொடுப்பதில்லை, சாலை விதியும் இடம் கொடுப்பதில்லை. ஓடாவிட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் கிடங்கில் மாலைதோறும் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பட்டியல் போடுகிறார்கள். யார் எத்தனை பார்சல் கொடுத்தார், எத்தனை மிச்சம் கொண்டுவந்தார் என்பது பெயரோடு வரும். கடைசி வரிசைப் பெயர்கள் சிவப்பில் இருக்கும். பிற்பகலில் மேற்பார்வையாளர் ஒவ்வொருவரையும் அழைத்து, "ஏன் இன்னும் இவ்வளவு மிச்சம்?" என்று கேட்பார். 11.11, 12.12 போன்ற மலிவு விற்பனைக் காலங்களில் கூடிய சுமை, விற்பனை முடிந்த பிறகும் பழைய அளவுக்கு இறங்குவதில்லை.

கணக்கில் எல்லா முகவரியும் ஒன்றுதான் என்பது எனக்குப் பெரிய மனக்குறை. தரைவீட்டு வரிசையில் வாசலில் நின்று ஹாரன் அடித்தால் ஆள் வந்துவிடுவார். கொண்டோ எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்படி இல்லை. காவலர் சாவடியில் உரிமத்தைக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தில் வண்டி எண்ணையும் வீட்டு எண்ணையும் எழுத வேண்டும். காவலர் வீட்டுக்காரரை அழைத்து அவர் எடுக்கும்வரை நிற்க வேண்டும். கீழ்த்தள நிறுத்துமிடத்தின் உயரத்தடை வேனுக்குப் போதாது என்பதால் சாலையோரத்தில் நிறுத்த வேண்டும். அங்கே வரும் சம்மனையும் ஓட்டுநரே கட்டுகிறார். பிறகு மின்தூக்கி அட்டை ஒரு மாடிக்கு மட்டுமே வேலை செய்யும் என்பதால், அதே கட்டடத்தில் இன்னொரு மாடிக்குப் போக மீண்டும் கீழே இறங்கி வர வேண்டும். செயலியில் இதுவும் ஒரு பார்சல், அதுவும் ஒரு பார்சல்.

எங்களில் பலர் இப்போது சாப்பாட்டு இடைவேளை என்று செயலியில் அழுத்திவிட்டு, அந்த நேரத்திலும் பார்சல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வாய் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்கு மதிய உணவு. வேறு சிலர், கட்டடத்துக்குள் போகாமலேயே "வீட்டில் ஆள் இல்லை" என்று ஸ்கேன் செய்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. ஆனால் செய்யாதவர்களின் பெயர்தான் சிவப்பில் வருகிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிறை ஓட்டுநர்

தம்பி, நான் லோரியில் தொடங்கி இப்போது வேனுக்கு வந்தவன். பிறையில் கிடங்கு, பினாங்குத் தீவில் ஜெலுத்தோங், குளுகோர், ஆயர் ஈத்தாம் என் வட்டாரம். நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு விஷயத்தை முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

இடைவேளை என்று அழுத்திவிட்டு வேலை செய்வது, நிறுவனத்துக்குச் சும்மா கொடுக்கும் அரை மணி நேரம் என்பதோடு முடிந்துவிடுவதில்லை. அந்த அரை மணியில் கொடுத்த பார்சல்கள் எல்லாம், இடைவேளை போக மிச்சமிருந்த நேரத்தில் கொடுக்கப்பட்டவையாகவே பதிவாகின்றன. மேலே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்குத் தெரிவது என்ன? இந்த வட்டாரத்தை ஓட்டுநர்கள் சாப்பிட்டு, ஓய்வெடுத்து, அதற்குப் பிறகும் நேரத்தோடு முடிக்கிறார்கள் என்று தெரிகிறது. அப்படியானால் இன்னொரு தாமானை (குடியிருப்புப் பகுதியை) சேர்த்துக் கொடுக்கலாம் என்று அவர் முடிவு செய்கிறார். அவரிடம் இருக்கும் எண்ணை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். அந்த எண்ணைப் பொய்யாக்கிக் கொடுத்தது நாம். இன்று பட்டினி கிடந்து முடித்த வேகம் அடுத்த காலாண்டில் எல்லோருக்கும் இலக்காகிறது. அதற்குப் பிறகு வரும் புதுப் பையன், பட்டினி கிடந்தாலும் முடிக்க முடியாமல் திணறுகிறான். எங்கள் கிடங்கில் இது கண்முன்னே நடந்தது. மிக வேகமாக ஓடியவருக்குக் கிடைத்த பரிசு, விலகிப்போன ஒருவரின் பாதி வட்டாரம்.

ஆகவே சாப்பாட்டு நேரத்தை முழுமையாக எடுங்கள். வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, இறங்கிப் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மதிய வெயிலில் ஜெலுத்தோங்கில் ஒரு தண்ணீர்ப்பந்தல்கூடக் கிடைக்காது என்று தெரிந்தும் சொல்கிறேன், நிழலான ஒரு கடையைத் தேர்ந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை வேகமாகச் செய்வது வேறு, அவசரமாகச் செய்வது வேறு. காலையில் பார்சலை அடுக்கும்போதே அன்றைய நாளின் பாதி முடிவாகிவிடுகிறது. கடைசியாகக் கொடுக்க வேண்டியதை முதலில் உள்ளே தள்ளி, முதலில் கொடுக்க வேண்டியதைக் கதவருகே வைத்து, கொண்டோவுக்கு உரியதைத் தனிச் சாக்கில் கட்டி, பெட்டியின் மீது தடித்த பேனாவால் வீட்டு எண்ணைப் பெரிதாக எழுதிவிட்டால், நடுச்சாலையில் வேனுக்குள் புகுந்து தேடும் நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தை மாடிப்படியில் ஓடிச் சேமிக்க முடியாது. படியில் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு முழங்கால் திரும்பக் கிடைக்கவில்லை, பட்டியலில் மேலே இருந்த பெயரும் நிலைக்கவில்லை.

அடுத்தது, மேற்பார்வையாளர் அழைக்கும்வரை காத்திருக்காதீர்கள். மதியத்துக்கு முன்பே நீங்களே எழுதுங்கள்: "இவ்வளவு மிச்சம் இருக்கிறது. இந்த வேகத்தில் போனால் வேலை நேரத்துக்குள் இவ்வளவுதான் முடியும். எவற்றை இன்று கொடுக்க வேண்டும், எவற்றை நாளைக்கு வைக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்." தொலைபேசியில் பேசாமல் செய்தியாக அனுப்புங்கள். பெரும்பாலும் பதில் வராது, அல்லது "எல்லாவற்றையும் முடி" என்று வரும். எப்படியானாலும் நீங்கள் முன்கூட்டியே சொன்னது பதிவில் இருக்கும்.

செத்தாப்பாக் தாதி

நான் ஓட்டுநர் இல்லை, ஓட்டுநரின் மனைவி. தாதியாக வேலை செய்கிறேன். ஐயா சொன்ன சாப்பாட்டு நேரத்தோடு தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போக நேரம் இல்லை என்பதற்காகவே பல ஓட்டுநர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். என் கணவரும் அப்படித்தான் இருந்தார். நம் ஊர் வெயிலில், குளிரூட்டி இல்லாத வேனின் பின்பகுதிக்குள் ஏறி இறங்கி வியர்வை கொட்டும் உடம்பு தண்ணீர் இல்லாமல் போனால் சிறுநீரகக் கல் உருவாக வழியாகிறது. சிறுநீரை அடக்கிவைப்பதால் தொற்று வருவதும் உண்டு. தலைசுற்றல் வந்தும் ஓட்டிக்கொண்டிருப்பது ஓட்டுநருக்கு மட்டுமல்ல, சாலையில் போகும் மற்றவருக்கும் ஆபத்து. பெட்ரோல் நிலையங்களும் சூராவ் எனப்படும் சிறு தொழுகைக் கூடங்களும் எங்கே இருக்கின்றன என்று வட்டாரத்தைப் பார்த்து முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டால் இந்தத் தயக்கம் குறையும். வீட்டில் காத்திருக்கும் எங்களுக்குப் பட்டியலில் யார் பெயர் எந்த நிறத்தில் வந்தது என்பது முக்கியமில்லை.

கெப்போங் மேற்பார்வையாளர்

இந்த இழையில் என் பக்கத்தையும் சொல்ல அனுமதியுங்கள். நானும் ஓட்டுநராக இருந்துதான் இந்த நாற்காலிக்கு வந்தேன். பிற்பகலில் நான் உங்களை அழைப்பதற்குச் சற்று முன்பு தலைமையகத்திலிருந்து என்னை அழைத்திருப்பார்கள். இலக்கு எண்ணை நான் தீர்மானிப்பதில்லை. அதை மாற்றும் அதிகாரமும் எனக்கு இல்லை. ஒரு பார்சல் அன்றே போகவில்லை என்றால் வாடிக்கையாளரின் புகார், விற்பனைத் தளத்தின் அபராதம், வட்டார மேலாளரின் கேள்வி என்று மூன்றும் என் மேசைக்கே வருகின்றன.

அதனால் பிறை அண்ணன் சொன்ன மதியச் செய்தியை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். மாலை ஆறு மணிக்குக் கிடங்குக்குத் திரும்பி வந்து மிச்சத்தைக் கொட்டுபவருக்கு என்னால் எதுவும் செய்ய இயலாது. பதினோரு மணிக்கே தெரிந்தால், அருகில் சுமை குறைவாக உள்ள இன்னொருவரிடம் ஒரு சாக்கை மாற்றிவிடலாம், அல்லது வாடிக்கையாளருக்கு முன்பே அறிவிக்கலாம்.

பொய் ஸ்கேன் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டுக்குப் போகாமல் "ஆள் இல்லை" என்று போடுவது வண்டியின் ஜிபிஎஸ் பதிவில் அப்பட்டமாகத் தெரியும். மெதுவாக வேலை செய்தார் என்று ஒருவரை நீக்க நிறுவனம் தயங்கும், நிரூபிப்பது கடினம் என்பதால். பொய்ப் பதிவுக்கு அந்தத் தயக்கம் இருக்காது. விளக்கம் கேட்கும் கடிதம் வந்தபோது, நல்ல உழைப்பாளி ஒருவருக்கு நான் பரிந்து பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தம் கொடுத்தவர்களின் பெயர் அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரைடர்

நீங்கள் பேசுவது சம்பளக்காரர்களுக்குப் பொருந்தும், அண்ணா. நான் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகிறேன். எனக்குச் சாப்பாட்டு இடைவேளை என்று ஒன்றே கிடையாது. நிறுத்தினால் வருமானம் நின்றுவிடும். மேற்பார்வையாளர் யாரும் அழைப்பதில்லை. செயலியே அழைக்கிறது. உணவு தயாராகக் கடையில் காத்திருந்த நேரத்தையும் என் கணக்கிலேயே எழுதிவிட்டு, மீதி நிமிடங்களைக் கொட்டை எழுத்தில் காட்டுகிறது. மதிய மழையில் ஜாலான் துன் சம்பந்தனில் வண்டி வழுக்கி விழுந்தபோதும், எழுந்து முதலில் நான் பார்த்தது முழங்கையை இல்லை, கைப்பேசியை. ஒரு ஆர்டருக்கான கட்டணம் குறையக் குறைய, அதே வருமானத்துக்காக இன்னும் அதிகமாக ஓடுகிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு மெதுவாகப் போ என்று சொல்வது, குறைவாகச் சாப்பிடு என்று சொல்வதாகத்தான் காதில் விழுகிறது. எங்களுக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பங்சார் தொழிற்சங்கத்துக்காரர்

தொழிலாளர் வழக்குகளில் உதவி செய்து வருபவன் என்ற முறையில் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். முதலில் சம்பளக்கார ஓட்டுநர்களுக்கு.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60ஏ பிரிவு, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும் என்கிறது. இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. 30 நிமிடத்துக்குக் குறைவான இடைவேளை அந்த ஐந்து மணி நேரத் தொடர்ச்சியை முறிக்காது. அதாவது பத்து நிமிடம் தேநீர் குடித்ததையும், சிவப்பு விளக்கில் இரண்டு வாய் சாப்பிட்டதையும் ஓய்வு கொடுத்ததாக நிறுவனம் காட்ட முடியாது. வார வேலை நேர உச்சவரம்பு 2023 ஜனவரி 1 முதல் 48-லிருந்து 45 மணி நேரமாகக் குறைந்துவிட்டது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாத ஊழியருக்குச் சாதாரண நாளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தை உண்மையாகப் பதிவு செய்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் வேலையிடத்துக்கும் சாப்பிடும் இடத்துக்கும் இடையே போகும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ (ஊழியர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு உண்டு. பதிவில் சாப்பாட்டு நேரம் என்றும் நடைமுறையில் வேலை என்றும் இருக்கும்போது விபத்து நேர்ந்தால், நீங்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை விளக்கும் சுமை தேவையில்லாமல் உங்கள் குடும்பத்தின் மேல் விழுகிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளி ஆபத்துகளை மதிப்பிட வேண்டும் என்பது இப்போது சட்டக் கடமை. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால், ஊழியர் அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். தேய்ந்த டயரோடு வேனை எடுக்கச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். ஆனால் டயரைப் படம் எடுத்து எழுத்தில் தெரிவித்த பிறகு விலகுங்கள்.

ரைடர் தம்பி கேட்டதற்கு வருகிறேன். உங்கள் நிலை கடினமானது, அதை மறைத்துப் பேச மாட்டேன். சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ பாதுகாப்பு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது; விழுந்து எழுந்த அன்றே உங்கள் சந்தா நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களைப் போலச் செயலி வழி வேலை செய்பவர்களுக்கான கிக் தொழிலாளர் மசோதா 2025 ஆகஸ்டு 28-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. எழுத்துமூல சேவை ஒப்பந்தத்துக்கும், தகராறுகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயத்துக்கும் அது வழி செய்கிறது. செயலி காட்டும் நிமிடங்களைப் படமெடுத்துச் சேர்த்துவைக்கும் பழக்கம் இப்போதே உங்களுக்கு வேண்டும், ஏனென்றால் நாளை எந்தத் தீர்ப்பாயத்தின் முன் நின்றாலும் செயலியின் பதிவு நிறுவனத்திடம் இருக்கும், உங்களிடம் நீங்கள் எடுத்த படம் மட்டுமே இருக்கும்.

வேகம் பற்றி நிர்வாகத்தோடு பேரம் பேச முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் யூபிஎஸ் பார்சல் நிறுவனத்தோடு டீம்ஸ்டர்ஸ் சங்கம் 2023-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஓட்டுநரின் முகத்தை நோக்கிய கேமரா கூடாது என்று எழுதிவாங்கினார்கள். தென்கொரியாவில் பார்சல் ஓட்டுநர்கள் அளவுக்கு மீறிய வேலையால் அடுத்தடுத்து இறந்த பிறகு, 2021-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் காலையில் பார்சலைப் பிரிக்கும் வேலையை ஓட்டுநரின் தலையிலிருந்து எடுத்தார்கள். வார வேலையை 60 மணி நேரத்துக்குள் நிறுத்தவும் ஒப்புக்கொண்டார்கள். அங்கே போராடியவர்கள் கேமராவையும் காலை வேலையையும் குறிவைத்ததைக் கவனியுங்கள். அழுத்தம் எங்கே புகுகிறது என்பதைச் சரியாகக் காட்டினால்தான் அதைத் தடுக்க முடியும்.

செந்தூல் வேன் ஓட்டுநர்

எல்லோருக்கும் நன்றி. பிறை அண்ணனின் பதிலை அச்செடுத்து எங்கள் கிடங்கில் நம்பிக்கையானவர்களிடம் காட்டினேன். தனியாக ஒருவர் மட்டும் சாப்பாட்டு நேரத்தை எடுத்தால் அவர் பெயர்தான் சிவப்பில் வரும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆகவே செந்தூல், செகாம்புட், கெப்போங் வட்டாரக்காரர்கள் எல்லோருமே இனி இடைவேளையை உண்மையாக எடுப்பது என்று பேசிக்கொண்டோம். முதல் வாரத்தில் பட்டியலில் சிவப்பு கூடியது. எங்கள் மேற்பார்வையாளர் கோபப்பட்டார். ஒரே நாளில் எல்லோரும் எப்படிச் சோம்பேறி ஆனீர்கள் என்று குழுவில் எழுதினார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒவ்வொருவரும் மதியச் செய்தியை மட்டும் மரியாதையாக அனுப்பிக்கொண்டிருந்தோம். பின்பு ஒரு நாள் அவரே மொன்ட் கியாராவுக்கு என்னோடு வந்தார். காவலர் சாவடியில் இரண்டு முறை வரிசையில் நின்றார். மறுநாள் முதல் அந்தக் கட்டடத்தின் பார்சல்களைக் காவலரிடம் மொத்தமாக ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க, கட்டட நிர்வாகத்திடம் அவர்தான் பேசி ஏற்பாடு செய்தார். இலக்கு எண் குறையவில்லை. ஆனால் அந்த ஒரு கட்டடத்தில் போய்க்கொண்டிருந்த நேரம் திரும்பக் கிடைத்திருக்கிறது.

தொழிற்சங்க ஐயாவிடம் ஒரு கேள்வி. கொரியாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் இதைக் கேட்கத் தோன்றியது. எங்களுக்கு வேலை நேரம் ஒன்பது மணிக்குத் தொடங்குவதாகக் கணக்கு. பார்சலைப் பிரித்து அடுக்கி ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டும் என்றால் ஏழரைக்கே வந்தாக வேண்டும். செயலி, முதல் ஸ்கேனிலிருந்துதான் நேரத்தைக் கணக்கிடுகிறது. இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஏதாவது கேட்க முடியுமா?

பங்சார் தொழிற்சங்கத்துக்காரர்

கேட்கலாம். முதலாளியின் கட்டளைப்படி, அவர் இடத்தில், அவர் சரக்கைப் பிரிக்கும் நேரம் வேலை நேரம்தான். செயலி எப்போது விழித்துக்கொள்கிறது என்பது அதை மாற்றாது. ஏழரைக்கு வரச் சொன்ன குழுச் செய்திகள், கிடங்கு வாசலில் கைரேகையோ அட்டையோ பதிவாகிறது என்றால் அதன் விவரம், சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். முதலில் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். நியாயமான பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. சம்பளத்திலிருந்து காணாமல்போன பார்சலுக்கோ தாமதத்துக்கோ பிடித்தம் செய்திருந்தால் அந்தச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள், ஏனென்றால் எவற்றுக்குப் பிடித்தம் செய்யலாம் என்பதை வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு வரையறுத்திருக்கிறது. ஒருவேளை இதற்காக வேலையிலிருந்து நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் முறையிட வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு என்னால் உதவ முடிந்ததில்லை.

பிறை ஓட்டுநர்

தம்பி, கேட்பது என்று முடிவு செய்தால் மூன்று வட்டாரக்காரர்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுங்கள். ஏழரைக்கு வரும் நேரத்தை இன்றிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதத் தொடங்குங்கள். எங்கள் கிடங்கிலும் இதே கதைதான், நாங்களும் எழுதத் தொடங்குகிறோம்.